தோஷித் தீவில் ஒரு நாள்

யப்பான் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன வானளாவிய கட்டடங்களும் மின்னலென விரையும் புகையிரதங்களுமே. ஆயின், அந்நாடு பல்லாயிரம் தீவுகளின் கூட்டம் என்பதையும், அவற்றுட் சிலவற்றில் கடலன்னையை மட்டுமே நம்பி வாழும் சிற்றூர்கள் உள்ளன என்பதையும் நாம் நினைப்பதில்லை. அத்தகைய ஊர் ஒன்றைக் காணும் ஆவலால், மியே மாகாணத்தின் கடற்கரை நகராகிய தோபாவிலிருந்து ஒரு காலை வேளையில் தோஷித் தீவுக்குப் படகேறினோம்.

நகோயா நகரிலிருந்து தோபாவுக்குப் புகையிரதத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணம். அங்கிருந்து இசே விரிகுடாவின் வாயிலைக் கடந்தால் அரைமணிப் பொழுதுக்குள் தீவு வந்துவிடுகிறது. படகில் எம்மோடு வந்தோர் சந்தைக்குச் சென்று திரும்பும் மூதாட்டியரும், மருத்துவரைக் கண்டு மீளும் முதியோருமே. தீவில் உயர்தரப் பாடசாலை இல்லாமையால் பிள்ளைகள் நாள்தோறும் இதே படகில் தோபா சென்று கற்று வருகின்றனர் என்று உடன்வந்த யப்பானிய மாணவர் கூறினார்.

துறையில் இறங்கியதும் மீன் வாடையும் கடற்பாசி மணமும் எம்மை வரவேற்றன. மலைச்சரிவுக்கும் கடலுக்கும் இடையே நிலம் மிகக் குறுகியது. ஆதலால் வீடுகள் ஒன்றோடொன்று தோள் உரசி நிற்கின்றன. அவற்றினிடையே ஓடும் ஒழுங்கைகளில் இருவர் எதிர்ப்பட்டால் ஒருவர் சுவரோடு ஒதுங்கவேண்டும். மோட்டார் வண்டிக்கு அங்கே வேலையில்லை. பெட்டி பூட்டிய சிறு கைவண்டியைத் தள்ளியவாறே பெண்கள் மீனும் காய்கறியும் கொண்டு செல்கின்றனர்.

ஒவ்வொரு வீட்டு வாயிலிலும் வட்டத்துள் எட்டு என்னும் எழுத்து கரியினால் வரையப்பட்டிருந்தது. மீன்பிடி வள்ளங்களிலும் அதே குறி. ஊர்க்காவல் தெய்வமாகிய ஹச்சிமானின் பெயரில் வரும் முதலெழுத்து அது. ஆண்டின் தொடக்கத்தில் நிகழும் கோயில் விழாவில், பூசிக்கப்பட்ட கரியை ஊரார் முண்டியடித்துக் கைப்பற்றி, தத்தம் வாயிலில் இக்குறியை இடுகின்றனர். வீட்டுக்குக் காவலும் கடலில் நல்ல பாடும் அதனால் கிட்டும் என்பது அவர்தம் நம்பிக்கை. நிலையில் மாவிலை கட்டும் நமக்கு இது அந்நியமாகத் தோன்றவில்லை.

ஊரின் பின்புறத்துக் குன்றொன்றில் ஒரு சோகக்கதை உறைகிறது. குகி யொஷிதக்கா என்பான் அக்காலத்தின் பெயர்பெற்ற கடற்படைத் தலைவன். தோபாக் கோட்டைக்கு அதிபதி. 1600ஆம் ஆண்டு செகிகஹாராப் போரில் தந்தை ஒரு பக்கமும், மகன் மொரிதக்கா மறுபக்கமும் நின்றனர். மகன் சார்ந்த பக்கமே வென்றது. தோற்ற தந்தை இத்தீவில் ஒளிந்தான். மகனோ தந்தையின் உயிருக்காக வெற்றியாளர் இயெயசுவிடம் மன்றாடி மன்னிப்பும் பெற்றான். ஆனால் அச்செய்தி வந்து சேருமுன் தந்தை தன் வயிற்றைக் கிழித்து மாண்டுவிட்டான். அவன் தலைக்கு ஒரு மேடும் உடலுக்கு ஒரு மேடும் தனித்தனியே இருக்கின்றன.

நண்பகலில் 'அமா' எனப்படும் மூழ்கு மகளிரின் குடிசைக்குச் சென்றோம். நடுவே தீ எரிய, குளிர் நடுங்கும் கைகளை அதில் காய்ச்சியவாறு முதிய பெண்கள் அமர்ந்திருந்தனர். சுவாசக் கருவி எதுவுமின்றி, ஒரே மூச்சில் கடலடி சென்று, 'அவாபி' என்னும் ஒற்றையோட்டுச் சிப்பியைப் பாறையினின்று இரும்புக் கருவியால் பெயர்த்தெடுப்பது இவர்கள் தொழில். ஒரு மூச்சு ஏறக்குறைய ஐம்பது வினாடி. மேலே வந்ததும் அவர்கள் விடும் மூச்சு சீழ்க்கை போல ஒலிக்கிறது. 10.6 சதமமீற்றருக்குக் குறைந்த அவாபியை எடுத்தல் மாகாண விதிப்படி குற்றம். அளவுகோலால் அளந்து, சிறியதைத் திரும்பக் கடலில் விடுகின்றனர்.

வள்ளத்திலிருந்து மூழ்குவோருக்குக் கணவனே கயிறு பிடிக்கும் வழக்கமும் இப்பகுதியில் உண்டு. இதைக் கேட்டதும் எம் நினைவு மன்னாருக்குத் தாவியது. முத்துக்குளிப்பவனுக்கு மைத்துனனே கயிறு பிடிக்கவேண்டும் என்பது நம் கரைகளில் வழங்கிய பேச்சு அல்லவா? தங்கையின் தாலியை எண்ணுபவன் கயிற்றைத் தளரவிடான் என்பது அதன் கருத்து.

தோபாவுக்கும் மன்னாருக்கும் வேறொரு தொடர்பும் உண்டு. 1893இல் மிகிமொத்தோ கொக்கிச்சி வளர்ப்பு முத்தை முதன்முதல் கண்டது தோபாக் கடலிலேதான். சிப்பியை எடுத்து வந்தோரும் மீண்டும் கடலடியில் வைத்தோரும் இந்த அமா மகளிரே. 1905இல் மரிச்சுக்கட்டியில் நிகழ்ந்த பெரும் முத்துக்குளிப்புக்குப் பின் நம் பார்கள் வறண்டன. பின்னர் யப்பானிய முத்து உலகச் சந்தையை நிறைத்தபோது இயற்கை முத்தின் விலையும் வீழ்ந்தது. ஒரு கரையின் வாழ்வு மறுகரையின் தாழ்வாயிற்று. ஆயினும் அந்த மூதாட்டியர் முகத்தைப் பார்த்தபோது எமக்கு மனக்குறை எழவில்லை. 1956இல் யப்பான் முழுவதிலும் பதினேழாயிரத்துக்கு மேற்பட்டிருந்த அமா மகளிர், 2017இல் இரண்டாயிரத்திலும் குறைந்துவிட்டனர். அவ்வாண்டிலேயே தோபா, ஷிமா பகுதிகளின் அமாத் தொழில் நாட்டின் பண்பாட்டுச் செல்வமாக அறிவிக்கப்பட்டது. "பட்டயம் வந்தது, மருமகள் வரவில்லை" என்று ஒரு மூதாட்டி நகைத்தார்.

மாலையில் ஒரு மீனவர் இல்லத்தில் தேநீர் அருந்தினோம். அங்கே இத்தீவின் தனிச்சிறப்பை அறிந்தோம். பதினைந்து வயதளவில் பாடசாலையின் ஒரு கட்டத்தை முடித்த இளைஞர் சிலர், ஒரே வயதினராய்ச் சேர்ந்து, ஊர் மதிக்கும் ஒரு தம்பதியரின் வீட்டில் இரவு உறங்குவர். 'நெயாகோ' என்பது இதன் பெயர். பெற்றோர் நேரில் சென்று, "எம் பிள்ளையை ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று வேண்டுவர். உணவு தம் வீட்டில். உறக்கம் இரண்டாம் பெற்றோர் வீட்டில். திருமணம் ஆகும் வரையில் இந்த வாழ்வு. அதன்பின் உறவு ஆயுள் முழுவதும். கடலில் ஒருவன் வள்ளம் கவிழ்ந்தால் முதலில் பாய்பவர் அவனுடைய நெயாகோச் சகோதரரே. 1985இல் தோபா நகரம் இதனைப் பண்பாட்டு மரபாக ஏற்றுப் போற்றியது.

"இப்போது வார இறுதியிலேதான் கூடுகின்றனர், பிள்ளைகளும் குறைவு" என்றார் வீட்டுக்காரர். தம் மகன் நகோயாவில் தொழில் பார்க்கிறான் என்றும், விழாவுக்கு மட்டும் வருவான் என்றும் சொல்லிச் சற்று மௌனமானார். பின், "கரி எடுக்க அவன் வந்தே தீருவான். வாயிற்குறியை அவன்தான் வரைவான்" என்றார். அவர் மனைவி எமக்கு விடைதரும்போது உலர்த்திய கடற்பாசிப் பொதியொன்றைக் கையில் வைத்தார்.

கடைசிப் படகு புறப்பட்டபோது துறையில் நின்ற அவ்விருவரும், உருவம் மறையும்வரை கையசைத்தனர். கடலோடு போராடும் மக்களுக்குக் கயிறு பிடிக்க ஒரு கை வேண்டும். அதனை இரத்த உறவுக்கு அப்பாலும் தேடி, ஊராகவே அமைத்துக்கொண்ட சிறு தீவு இது. இளையோர் நகரை நாடிச் செல்லும் இந்நாளில், அக்கயிறு எத்தனை காலம் தாங்குமோ! நம் கடற்கரை ஊர்களை எண்ணியவாறே தோபாவில் இறங்கினோம்.