விரலுக்கேற்ற வீக்கம்

"விரலுக்கேற்ற வீக்கம்" என்பது முன்னோர் வாக்கு. நகைக்கும் வீட்டுக்கும் பொருந்தும் இப்பழமொழி கணினிக்கும் பொருந்தும் என்பதைச் சென்ற ஆண்டு எங்கள் இல்லத்தில் கண்டோம். அதைத் தோழியருடன் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

சகோதரிகளாகிய நாங்கள் ஆலம்பரைக் கோட்டை இருக்கும் கடப்பாக்கத்தில் வசிக்கிறோம். அப்பா கடல் தொழில் செய்கிறார். அக்கா வணிகவியல் பட்டதாரி. பெரிய நிறுவனங்களில் கணக்கு, சரக்கிருப்பு, சம்பளம் யாவும் தரவுத்தள மென்பொருளில்தான் அடங்கியிருக்கின்றன. அதைக் கற்றால் வேலை கிடைக்கும் என்று அக்கா எண்ணினார். ஒரு பயிற்சி நிலையத்தில் விசாரித்தபோது, வீட்டில் பழக 32 ஜிபி நினைவகமுள்ள புதுக் கணினி வேண்டும் என்றார்கள். காற்றும் மழையுமாக அப்பா கடலுக்குப் போகாத ஐப்பசி மாதம் அது. அம்மா ஒன்றும் பேசாமல் காதுக் கம்மலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

எங்கள் கணினி ஆசிரியையிடம் இதைச் சொன்னோம். "வாங்குவது இருக்கட்டும், முதலில் தேவையைக் கணக்குப் போடுங்கள்" என்றார்.

நிறுவன மென்பொருளை வீட்டுக் கணினியில் நேரே ஏற்றாமல், மெய்நிகர் இயந்திரம் ஒன்றை உருவாக்கி அதனுள் ஏற்றுவார்கள். அது ஒரே வீட்டுக்குள் இன்னொரு ஒண்டுக்குடித்தனம் போன்றது. ஐ.பி.எம். நிறுவனம் 1972-இலேயே தன் பெருங்கணினிகளுக்கு வி.எம்./370 என்ற பெயரில் இவ்வசதியை அளித்தது. 1999-இல் வி.எம்.வேர் நிறுவனம் இதைச் சாதாரண மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது. 2007-இல் வெளியான வர்ச்சுவல்பாக்ஸ் இலவசமாகவே கிடைக்கிறது.

குடித்தனக்காரருக்கு அறை ஒதுக்கும்போது வீட்டுக்காரர் தமக்கும் இடம் வைத்துக்கொள்ள வேண்டுமல்லவா? நினைவகம் என்பது அந்த அறை. வட்டு என்பது பரண். அறை போதாவிட்டால் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பரண் ஏறி இறங்க வேண்டியதுதான். அண்ணனின் பழைய மடிக்கணினி திணறியதற்குக் காரணம் இதுவே. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த அதில் 2 ஜிபி நினைவகமே இருந்தது.

இனி எங்கள் கணக்கு. 2018-இல் வந்த ஆரக்கிள் 18சி எக்ஸ்பிரஸ் என்னும் இலவசத் தரவுத்தளம் 2 ஜிபி நினைவகத்துக்கு மேல் பயன்படுத்தாது. அதில் சேமிக்கக்கூடிய தரவும் 12 ஜிபிதான். அதைத் தாங்கும் லினக்ஸுக்கு இன்னொரு 2 ஜிபி வைத்தோம். ஆகக் குடித்தனத்துக்கு 4, வீட்டுக்கு 4. மொத்தம் 8 ஜிபி. எங்கள் தேவைக்கு 32 எதற்கு?

சித்தப்பா வீட்டில் 4 ஜிபி கொண்ட மேசைக் கணினி ஒன்று சும்மா கிடந்தது. அதில் காலியாக இருந்த இடத்தில் இன்னொரு 4 ஜிபி சேர்த்தோம். சுழலும் பழைய வட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. பொருத்தினோம், பரணுக்குப் படிக்கட்டு வைத்தாற்போல் ஆயிற்று! பயாஸ் அமைப்பில் மெய்நிகராக்க வசதியை இயக்கிவிட வேண்டும் என்று ஆசிரியை நினைவூட்டினார். செயலி எத்தனை நல்லதாயினும், அது அணைந்திருந்தால் இவ்வேலை நடக்காது.

எல்லா மென்பொருளும் இப்படி அடக்கமானவை என்று சொல்லிவிட முடியாது. அக்கா ஆசைப்பட்ட சாப் ஹானா, தரவை நினைவகத்திலேயே வைத்து வேலை செய்வது. அதன் எக்ஸ்பிரஸ் பதிப்புக்கு மட்டுமே குறைந்தது 8 ஜிபி வேண்டும்; வீட்டுக்காரருக்கு இடமே இராது. அந்த ஆசையை அக்கா இப்போதைக்கு ஒத்திவைத்தார்.

இரவு சமையல் முடிந்ததும் அக்கா பயிற்சிக்கு அமர்வார். தொடங்குமுன் இயந்திரத்தின் அன்றைய நிலையை அப்படியே பதிவு செய்துகொள்வார். ஏதேனும் கெட்டுவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம்; ஆகவே அஞ்சாமல் கற்கிறார். வேலை இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் சென்ற மாதம் ஒரு நேர்முகத் தேர்வில் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் விடை சொன்னதாக மகிழ்ந்தார். அம்மாவின் கம்மலும் அடகுக்குப் போகவில்லை.

அன்புத் தோழியரே! விலை உயர்ந்த கருவி இல்லையே என்று எவரும் கல்வியைக் கைவிட வேண்டாம். பிறர் சொல்லும் தொகையைக் கேட்டு மலைக்குமுன் தாளும் பென்சிலும் எடுத்துத் தேவையை எழுதிப் பாருங்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்பது தெளிவாகும்.