உளுந்துக்கு நான் போட்ட ஒரு மூட்டை யூரியா

குத்தகைக்கு எடுத்த ஒரு ஏக்கரில் இறவை உளுந்து போட்டிருந்தேன். அடியுரம் கொடுத்தாயிற்று. இருபதாம் நாள் பயிர் லேசாக வெளுத்தது. பதறிப்போய் ஒரு மூட்டை யூரியாவை வீசிவிட்டேன். பத்தே நாளில் கரும்பச்சையாகத் தழைத்தது. வரப்பில் போனவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். ஆனால், காய் பிடிக்கவில்லை. குத்தகைப் பணம் கட்ட மனைவியின் வளையல் அடகுக்குப் போனது.

பக்கத்து வயல் அண்ணன் மேலுரமே போடவில்லை. அவருக்கு நல்ல காய்ப்பு. அவர் செடி ஒன்றையும் என் செடி ஒன்றையும் மண்ணோடு தோண்டி, வேரை அலசிப் பார்த்தோம். அவருடையதில் கொத்துக் கொத்தாக முடிச்சுகள். நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. என்னுடையதில் நாலைந்துதான், அதுவும் வெளுத்த பச்சை.

வேர் முடிச்சிலுள்ள ரைசோபியம் காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குத் தரும். கூலியாகச் செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கும். மண்ணிலேயே தழைச்சத்து மிகுந்தால், செடி முடிச்சுக்குச் செலவழிக்காது. “சோறு வீடு தேடி வந்தா எவ அடுப்பு மூட்டுவா?” என்றார் அம்மா.

இந்தப் பட்டத்தில் ஆறிய கஞ்சியில் ரைசோபியம் கலந்து விதைநேர்த்தி செய்து, நிழலில் உலர்த்தி விதைத்தேன். அடியுரத்தில் ஏக்கருக்கு 10 கிலோ தழைச்சத்து மட்டும். முப்பதாம் நாள் தோண்டிப் பார்த்தேன், முடிச்சு சிவந்திருந்தது. யூரியா வாங்கவில்லை.

உங்கள் உளுந்து வெளுத்தால், முதலில் ஒரு செடியைத் தோண்டிப் பாருங்கள். பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். உள்ளே சிவப்பாக இருந்தும் பயிர் வெளுத்தால், காரணம் வேறு. அதற்கு மருந்து யூரியா இல்லை.