வாடகை வீடு

உணவு, உடை, உறைவிடம் என்று மூன்றைச் சொல்வர். மூன்றாவது சொந்தமாக இல்லாதவர்க்கே அதன் அருமை தெரியும்.

குற்றாலத்தில் சாரல் காலம் நெருங்கியதும் எங்கள் வீட்டுக்காரர், "சீசனுக்கு நாள் வாடகைக்கு விடப் போகிறேன், காலி செய்து கொடுங்கள்" என்று சொல்லிவிட்டார். ஆனி, ஆடியில் குடிபுக அம்மா சம்மதிக்க மாட்டாள். வைகாசி முடிய எட்டே நாட்கள்! அப்பா முன்பணத்துக்கு அலைந்தார். நான் வீட்டுக்கு அலைந்தேன். கடைசியில் சுமார் 5 கிலோமீட்டர் தள்ளித் தென்காசியில் ஒரு சிறு வீடு அமைந்தது. "சுவரில் ஆணி அடிக்கக் கூடாது" என்பது நிபந்தனை.

பால் காய்ச்சிய அன்று மாலை காசி விசுவநாதர் கோவிலுக்குப் போனோம். கோபுர வாசலில் வீசிய காற்றில் அலைந்த களைப்பெல்லாம் பறந்தது. 15ஆம் நூற்றாண்டில் இக்கோவிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இதைக் காப்போரின் பாதங்களைப் பணிவதாகக் கல்வெட்டில் பொறித்திருக்கிறான். சிதைந்து கிடந்த கோபுரம் 1990இல் மீண்டும் எழுந்ததும் அப்படிக் காத்தவர்களால்தான். கட்டிய மன்னனுக்கே அத்தனை பணிவு!

மறுநாள் விடியலில் அம்மா காலண்டரைச் சன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, வாசல் தெளித்துக் கோலமிட்டாள். பேணுகிறவர்க்கே வீடு சொந்தம் என்று அப்போது தோன்றியது.