மஞ்சள் பைக்குள் ஒரு கூறு

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை பன்றி அடித்தால் கறியைக் கூறு போட்டு விற்பார்கள். தனிக்கறி, கொழுப்பு, தோல், எலும்பு எல்லாம் எல்லாருக்கும் சமமாக வர வேண்டும். அந்த ஞாயிறு அம்மா ஒரு கூறு வாங்கி, தனிக்கறியை மட்டும் எனக்கு எடுத்துக் கொடுத்தாள். வாழையிலை, அதற்கு மேல் பேப்பர், அதற்கு மேல் பாலிதீன், எல்லாவற்றுக்கும் மேல் ஜவுளிக்கடை மஞ்சள் பை. செங்கம் ரோட்டில் திருவண்ணாமலை வரைக்கும் பையை மடியிலேயே வைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஒருமுறை மூக்கை உறிஞ்சினார். சளியாகக்கூட இருக்கலாம். எனக்கு வேர்த்துவிட்டது.

நான் இருப்பது ரமணாசிரமத்துக்குப் பின்னால், ஒரு வீட்டின் மாடி ரூமில். இந்தப் பகுதியில் வீடு தேடியவர்களுக்குத் தெரியும். யாரும் உங்கள் சாதியைக் கேட்கமாட்டார்கள். "வெஜ்தானே?" என்று கேட்பார்கள். நான் ஆமாம் என்றேன். ஓனரம்மா, "கவுச்சி மட்டும் வேணாம்மா, சாமி இருக்கிற இடம்" என்றார். நல்லவர்தான். காய்ச்சலில் கிடந்தபோது ரசம் வைத்து மேலே கொண்டுவந்தவர். அதனாலேயே அந்த "ஆமாம்" எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

பக்கத்து ரூமில் தைவானிலிருந்து வந்த ஒரு பெண் மூன்று மாதம் தங்கியிருந்தாள். காலையில் ஆசிரமம், மாலையில் மலைப்பக்கம் ஒரு நடை, ராத்திரி என்னோடு அரட்டை. ஒருநாள் அவளுடைய தாத்தா செய்யும் பன்றிக்கறி வறுவலைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். தாத்தா வடசீனாவின் ஷாண்டோங்கிலிருந்து 1949இல் தைவானுக்குப் போனவர். சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க வீட்லயும் பன்றிக்கறி சாப்பிடுவோம்" என்றேன். இந்தத் தெருவில் நான் அதைச் சொன்ன முதல் ஆள் அவள்தான்.

கறியோடு வந்து இறங்கியதும் ஜன்னலைச் சாத்தினோம். மின்விசிறியைப் போட்டோம். வேலையைத் தொடங்கினோம்.

முதலில் ரொட்டி. இரண்டு கப் மைதாவில் முக்கால் கப் கொதிக்கும் தண்ணீரை ஊற்றிப் பிசைய வேண்டும். பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் மாவு ரப்பர் மாதிரி இழுத்துக்கொண்டு சுருங்கும். கொதிநீரில் பாதி வெந்துவிடுவதால் சொன்னபடி கேட்கும். அரைமணி நேரம் மூடிவைத்து, சின்ன உருண்டைகளாக்கித் தட்டி, ஒன்றின்மேல் எண்ணெய் தடவி இன்னொன்றை அதன்மேல் வைத்து, இரண்டையும் சேர்த்துத் தேய்க்க வேண்டும். அவள் வீட்டில் எள்ளை வறுத்து ஆட்டிய எண்ணெய். எங்களிடம் இருந்தது நல்லெண்ணெய். காய்ந்த தோசைக்கல்லில் போட்டால் நடுவில் காற்று புகுந்து உப்பும். எடுத்துப் பிரித்தால் இரண்டு ரொட்டி, வேட்டித்துணி மாதிரி மெல்லிசாக. ஒட்டியிருந்தது எங்கே என்றே தெரியாது.

பிறகு கறி. கொஞ்ச நேரம் ஃப்ரீசரில் வைத்து இறுகியதும் தீக்குச்சி கனத்துக்கு நறுக்கி, சோயா சாஸும் சோளமாவும் பிசிறி வைத்தோம். அவள் ஊரிலிருந்து கொண்டுவந்திருந்த கருப்புக் காளானை ஊறவைத்தோம். காய்ந்திருக்கும்போது கரித்துண்டு, ஊறினால் காதுமடல். முட்டையைத் தனியாகப் பொரித்து எடுத்துவைத்து, பெரிய தீயில் இஞ்சி, பூண்டு, கறி, முட்டைக்கோஸ், காளான். கடைசியில் வெங்காயத்தாளும் அந்த முட்டையும்.

"இதுக்குப் பேர் என்ன?" என்று கேட்டேன்.

"மூ ஷூ."

அது ஒரு பூவின் பெயர் என்றாள். மஞ்சளாக, பொடிப்பொடியாக, வாசனையாகப் பூக்குமாம். பொரித்த முட்டை அப்படித் தெரிவதால் இந்தப் பெயர். ஆனால் அதற்குப் பின்னால் இன்னொரு காரணம் சொல்வார்களாம். வடசீனப் பேச்சில் பல கெட்ட வார்த்தைகள் 'முட்டை'யில்தான் முடியும். அதனால் நாலுபேர் முன்னால் முட்டை என்று சொல்லக் கூசி, பூவின் பெயரைச் சொன்னார்களாம். தாத்தா இதைச் சோற்றோடுதான் சாப்பிடுவார், மெல்லிய ரொட்டியில் சுருட்டிச் சாப்பிடும் வழக்கத்தைப் பரப்பியது அமெரிக்காவின் சீன உணவகங்கள் என்றும் சொன்னாள்.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது.

"ஏம்மா, என்ன வாசன இது?"

"சைனீஸ்மா. மூ ஷூன்னு பேரு. இவங்க ஊரு சாப்பாடு."

"ஓ, சைனீஸா!" ஓனரம்மாவின் முகம் மலர்ந்தது. "முட்ட போட்டிருக்கியா?"

"ஆமாம்மா, முட்டதான்."

"சரி, ஃபாரின்காரங்க சாப்பிடுவாங்க. பாத்திரத்த நல்லா வெளக்கிடு."

அவர் இறங்கிப் போய்விட்டார். முட்டையை மறைக்கப் பூவின் பெயரை வைத்தார்கள். நான் அதே சாப்பாட்டில் பன்றியை மறைக்க முட்டையைச் சொல்லிவிட்டேன். கடாயில் இருந்தது எங்கள் ஊர்க் கூறு. அதையே ஆயா மாதிரி மிளகும் பூண்டும் அரைத்துப் போட்டு வைத்திருந்தால் அன்று சாயங்காலமே ரூமைக் காலி செய்திருப்பேன்.

இத்தனைக்கும் இது என்ன ஊர்? பெருமாள் பன்றியாகி இந்த மலையின் அடியைத் தேடித் தோண்டினார் என்பது இந்த ஊரின் கதை. சிவன் கோயில்களில் கருவறைக்குப் பின்பக்கச் சுவரில் லிங்கோத்பவர் காலடியில் அந்தப் பன்றியைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். மதுரையில் பையனாக இருந்த ரமணரை உலுக்கிய புத்தகம் பெரியபுராணம். அதில் கண்ணப்பர் காட்டுப்பன்றியை வேட்டையாடி, தீயில் வாட்டி, வெந்திருக்கிறதா என்று வாயில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சிவனுக்கு வைக்கிறார். சேக்கிழார் அதற்கு ஒரு பூவின் பெயரை வைக்கவில்லை. கூசியது பூசை செய்கிற சிவகோசரியார்தான். சாமி கூசவில்லை.

இதையெல்லாம் ஓனரம்மாவிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு வாதத்தில் ஜெயிப்பதைவிட வாடகை வீடு முக்கியமாக இருந்தது.

சாப்பிட உட்கார்ந்தோம். ரொட்டியில் இனிப்பான கருப்பு சாஸைத் தடவி, கறியை வைத்துச் சுருட்டிக் கடித்தேன். காளான் நறுக்கென்றது. கறி பஞ்சு மாதிரி இருந்தது. அவள் வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

பிறகு கேட்டாள்: "உங்க வீட்டுல இதுக்கு என்ன பேர்?"

"பன்னிக்கறி."

அவளுக்கு அந்தச் சொல் பிடித்துவிட்டது. "பன்னி கறி! பன்னி கறி!" என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். நான் பாய்ந்துபோய் அவள் வாயைப் பொத்தினேன். அவள் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

ராத்திரி அம்மா போன் செய்தாள். "அந்தப் பொண்ணுக்குப் புடிச்சுதா?"

"ரொம்பப் புடிச்சுதும்மா."

"ஜன்னல சாத்திட்டுத்தான செஞ்ச?"

நான் அவளிடம் ஜன்னலைப் பற்றி எதுவுமே சொல்லியிருக்கவில்லை. ஊரிலும் ஆயா பன்றிக்கறியை வீட்டுக்குள் வைத்ததில்லை. கொல்லையில் தனி அடுப்பு, தனிச்சட்டி. உறவுக்காரர் யாராவது வந்தால் சட்டி கூடைக்கு அடியில் போய்விடும். பையை அம்மா ஏன் நாலு சுற்று சுற்றினாள் என்று அப்போதுதான் புரிந்தது.

தோழி ஊருக்குப் போய்விட்டாள். மிச்சக் காளானை எனக்கு விட்டுச் சென்றிருக்கிறாள், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில். போன வாரம் ஓனரம்மா மேலே வந்தபோது, "அந்த சைனீஸ் இன்னொரு வாட்டி செய்யேன், முட்ட இல்லாம. நானும் டேஸ்ட் பண்றேன்" என்றார்.

"செய்றேம்மா" என்றேன்.

அடுத்த ஞாயிறு அம்மா கூறு வாங்குகிறாள். ஓனரம்மாவுக்குக் கோஸும் காளானும் போட்டுத் தனியாகச் செய்துவிடலாம். தட்டை நீட்டும்போது, அன்றைக்குச் செய்தது வேறு என்று சொல்ல வேண்டும். எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.