மழைக்கு முன் கூரை

கிளிநொச்சி, 2013

பெப்ரவரி 11

கண்டாவளைப் பக்கம் பயனாளிகள் கூட்டம். போரில் இடம்பெயர்ந்தோர் இருந்த மெனிக் பாம் முகாமைப் போன செப்டெம்பரில்தான் மூடினார்கள்; சனம் இன்னும் தறப்பாளுக்கும் தகரத்துக்கும் கீழேதான். இந்திய வீட்டுத்திட்டத்தின் 50,000 வீடுகளில் 46,000 வடக்கு, கிழக்குக்கு. வீட்டுக்கு 550,000 ரூபா, தவணை தவணையாகப் பயனாளியின் வங்கிக் கணக்குக்கே போகும். வீட்டுக்காரரே நின்று கட்ட வேண்டும். இதைச் சொன்னதும் ஓர் அம்மா எழும்பினா: “தம்பி, ஆம்பிளை இல்லாத வீட்டில ஆர் கட்டுறது?”

மார்ச் 4

அந்த அம்மாவின் வளவு. காணி அனுமதிப்பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. பிரதேச செயலகப் பதிவேட்டில் பெயர் இருந்ததால் தப்பியது. மகளுக்கு இன்னோர் அறை வேண்டுமாம். பெரிதாகத் தொடங்கி, சுவரோடு காசு முடிந்து நிற்கும் வீடுகளைக் காட்டினேன்; அந்த வீட்டுக்காரரின் நகையெல்லாம் அடைவில். அத்திவாரம் 550 சதுர அடிக்கே, கிழக்கால் பிறகு நீட்டலாம் என்று தாயும் மகளும் முடிவெடுத்தார்கள்.

ஏப்ரல் 22

தாயும் மகளும் தாங்களே சீமெந்துக் கல் அரிந்து, காலையும் மாலையும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி நனைக்கிறார்கள். ஒரு கல்லை இடுப்பு உயரத்திலிருந்து போட்டேன். மூலை மட்டும் தெறித்தது. நல்ல கல். பக்கத்து வளவுக்கு லொறியில் வந்த கல் விழுந்ததும் பொடியானது, திருப்பி அனுப்பினோம்.

ஜூன் 17

ஒரு கட்டம் முடிந்து, திட்டப் பணியாளர்களான நாங்கள் அளந்து கையெழுத்திட்ட பிறகே அடுத்த தவணை. கைமாற்று வாங்க வழியுள்ளவர்கள் முந்துகிறார்கள். கணவனை இழந்தவர்களும் காலை இழந்தவர்களும் அத்திவாரத்தோடு நிற்கிறார்கள். மேசன்மாருக்கும் தட்டுப்பாடு, கூலி ஏறுகிறது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் பேசி, அயல் வீடுகளை ஒரு குழுவாக்கினோம். மணலும் சீமெந்தும் சேர்த்தே எடுப்பது. மேசன் முதலில் ஆள் உதவி இல்லாத வளவுக்குப் போவது. எல்லா வீட்டையும் ஒரே நாளில் அளந்து, தவணைக் கோப்புகளை ஒன்றாக அனுப்புவது.

செப்டெம்பர் 19

ஓடு போட்டாயிற்று. வரைபடத்தில் பின்சுவரில் இருந்த குசினி யன்னலை அம்மா முன்பக்கம் வைப்பித்திருக்கிறா. “படலையில ஆர் வந்தாலும் அடுப்படியில நிண்டே பாக்கலாம், தம்பி.” தனியே பெண்பிள்ளையோடு இருக்கும் தாய்க்கு அந்த யன்னல் எவ்வளவு பெரிய காரியம்! எந்த ஒப்பந்தகாரருக்கும் இது தோன்றியிராது. வீட்டுக்காரரே கட்டும் முறையின் பலம் இதுதான். ஆனால் இங்கே கட்டட வேலையின் காலக்கெடு ஒக்டோபர் மழை. கைக்காசும் ஆளும் இல்லாத குடும்பம் அதற்குள் கூரை ஏற்ற வேண்டுமானால், தவணை அவர்கள் கடன் வாங்குவதற்கு முன்னமே வர வேண்டும். அடுத்த தொகுதியில் பெண் தலைமைக் குடும்பங்களுக்கும் வலுவிழந்தோருக்கும் முதல் தவணை ஜனவரியிலேயே போகவேண்டும். மேசனும் முதலில் அவர்களுக்கே. நாளைய மீளாய்வுக் கூட்டத்தில் இதை எழுத்தில் கொடுக்கிறேன்.