அழகுச் செடியும் ஓர் அமானிதமே

எமரால்டு என்ற சொல்லுக்கு மரகதம் என்று பொருள். நீலகிரியின் குந்தா நீர்மின் திட்டத்திற்காகத் தேக்கப்பட்ட அணைநீரும், அதன் கரையிலிருந்து மேலேறும் தேயிலைச் சரிவுகளும், அவற்றிற்கும் அப்பால் கறுத்துத் தெரியும் சோலைகளும் எங்கள் ஊருக்கு அந்தப் பெயரைப் பொருத்தமாக்கி விட்டன. “சுற்றிலும் இத்தனை பச்சை இருக்க, வீட்டுக்குள்ளும் தொட்டியில் செடி வேண்டுமா?” என்று சமவெளியிலிருந்து வரும் உறவினர்கள் கேட்பதுண்டு. வேண்டும் என்பதே என் விடை. ஜூன் மாதம் பிறந்துவிட்டால் தென்மேற்குப் பருவமழை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனி. ஆண்டில் பாதி நாள்கள் சன்னலை அடைத்துக்கொண்டு வாழும் வீட்டில், வெளியே செல்ல இயலாத முதியவர்களுக்கும் பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கும், புதிதாய்ச் சுருள் விரிக்கும் ஓர் இலை எத்தனை பெரிய ஆறுதல் என்பதை அனுபவித்தவர்களே அறிவர்.

அழகை விரும்புவது மார்க்கத்திற்கு மாறானதன்று. அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறவன் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு அறிவித்திருக்கிறார்கள். ஆனால் அழகு என்பதற்காக மட்டுமே ஒன்றை வீட்டுக்குள் கொண்டு வருவதற்கும், அதன் பொறுப்பை உணர்ந்து கொண்டு வருவதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு. ஒரு பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவளிக்காமல், அது தானாக இரை தேடவும் விடாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸை நம் பிள்ளைகள் மதரஸாவில் படிக்கிறார்கள். செடிக்கும் அதே சட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. எனினும் அதில் ஒரு படிப்பினை இருக்கிறது. காட்டில் நிற்கும் செடி தன் வேரை நீட்டி நீரைத் தேடும். தொட்டிச் செடிக்கு அவ்வழியை நாம் அடைத்து விட்டோம். ஒளியும் நீரும் வெப்பமும் இனி நம் கையில். ஆதலால் அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட ஓர் அமானிதம். அமானிதத்தை ஏற்குமுன் அதைக் காக்க இயலுமா என்று பார்ப்பதல்லவா முறை?

ஒவ்வொரு மே மாதமும் உதகை அரசு தாவரவியல் பூங்காவில் மலர்க்காட்சி நடைபெறுகிறது. 1848ஆம் ஆண்டில் வில்லியம் கிரஹாம் மெக்கைவர் என்ற தோட்டக்கலை வல்லுநரின் பொறுப்பில் உருவாகத் தொடங்கிய பூங்கா அது. மலர்க்காட்சி 1896இல் தொடங்கியது. அங்குள்ள கண்ணாடி மாளிகையைக் கண்டுவிட்டு வரும் நம் தாய்மார்கள், “அதே போல் நம் வீட்டிலும் வைத்தால் என்ன?” என்று ஆசைப்படுகிறார்கள். கண்ணாடி மாளிகை என்பது பகல் வெயிலைச் சிறைப்பிடித்து வைக்கும் அறை என்பதை அப்போது எண்ணிப் பார்ப்பதில்லை. நம் வீட்டு வரவேற்பறை அத்தகையதன்று. மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ பல வண்ணங்களில் தகதகக்கும் குரோட்டன் செடியை வாங்கி மலையேற்றி வருகிறார்கள். டிசம்பர் பனியில் அதன் இலைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, தை மாதத்தில் வெறுங்குச்சி நிற்கிறது. “கண் பட்டுவிட்டது” என்று வருந்துகிறார்கள். கண் படவில்லை, குளிர் பட்டது. தென்கிழக்கு ஆசியாவிலும் பசிபிக் தீவுகளிலும் பிறந்த குரோட்டனுக்கு வெப்பமும் நேர் வெளிச்சமும் இன்றியமையாதவை. அமேசான் நாட்டுக் கலாடியம் குளிர் வந்தால் இலைகளை இழந்து கிழங்காக உறங்கிவிடும். கொலம்பியா, எக்வடோர் நாடுகளின் ஆந்தூரியமும் எங்கள் குளிரில் ஒடுங்கிப்போகும்.

அப்படியானால் வெப்பமண்டலச் செடிகளே எமரால்டுக்கு ஆகாதவையா? அவ்வாறில்லை. வெப்பமண்டலம் என்றால் வெப்பம் மட்டுமே என்று எண்ணுவதுதான் பிழை. வெப்பமண்டலத்திலும் மலைகள் உண்டு. நமது நீலகிரியே அதற்குச் சான்று. ஆகவே தாழ்நிலக் காட்டுச் செடியைத் தேடாமல், நம்மைப் போலவே மஞ்சு மூடும் மலைகளில் பிறந்த செடியைத் தேடுவதே அறிவுடைமை.

முதலிடம் ரெக்ஸ் பெகோனியாவுக்கு. வெள்ளியும் கருஞ்சிவப்பும் பச்சையும் கலந்து, கம்பளத்தில் நெய்த சித்திரம் போன்ற இலை அதனுடையது. அதன் மூலச்செடி நம் நாட்டின் அஸ்ஸாம் பகுதியைச் சேர்ந்தது. முற்றிய இலையொன்றைப் பறித்து, அடிப்புற நரம்புகளை ஆங்காங்கே பிளேடால் கீறி, ஈரமான ஆற்று மணலின் மீது படியவைத்து, சிறு கற்களால் அழுத்தி விட்டால், கீறிய இடங்களிலிருந்து சில வாரங்களில் கன்றுகள் தலைகாட்டும். ஓர் இலையிலிருந்து ஒரு குடும்பமே உருவாவதைக் காணும் பிள்ளைகளுக்குப் படைத்தவனின் வல்லமையைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, ஜிமிக்கி போல் தலைகீழாகத் தொங்கும் ஃபியூஷியா மலர். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைச்சாரல் அதன் தாயகம். வெளிச்சம் மிகுந்த வராந்தாவில் தொங்குதொட்டியில் வைத்தால் எங்கள் ஊரின் குளிர்ச்சி அதற்குப் பிறந்தகம் போல. உறைபனி இரவுகளில் மட்டும் உள்ளே எடுத்துவிட வேண்டும். மூன்றாவது, ஆப்பிரிக்கன் வயலட். டான்சானியாவின் உசம்பரா மலைக்காடுகளில் கண்டெடுக்கப்பட்டு, 1892இல் வால்டர் வான் செயின்ட் பால் என்ற ஜெர்மானிய அதிகாரியின் வழியே ஐரோப்பாவை அடைந்த சிறு செடி அது. பனிக்காலத்தில் சமையலறைச் சன்னலோரத்தின் இளஞ்சூட்டை அது விரும்பும். அதன் இலையில் குளிர்ந்த நீர் விழுந்தால் வடுக்கள் தோன்றும். வெதுவெதுப்பான நீரை மண்ணில் மட்டுமே ஊற்ற வேண்டும். இவற்றோடு ஸ்பைடர் பிளாண்டும் பாஸ்டன் ஃபெர்னும் சேர்ந்தால் வீடு நிறைந்துவிடும். ஆனால் ஒன்று: ஃபெர்ன் வேண்டுமென்று சோலைக்குள் புகுந்து பிடுங்கி வருவது கூடாது. சோலை யாருடைய தனிச் சொத்துமன்று. நம் ஓடைகளுக்கெல்லாம் நீர் சுரக்கும் மடி அது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் செவில் நகரில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம் என்ற அறிஞர் ‘கிதாபுல் ஃபிலாஹா’ என்ற வேளாண் நூலை எழுதினார். அவர் மண்ணையும் எருவையும் நீரையும் முதலில் ஆராய்ந்துவிட்டே மரங்களிடம் வருகிறார். நாமோ செடியை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு இடத்தைத் தேடுகிறோம். இதை மாற்றிக்கொள்ள வேண்டும். செடி வைக்க எண்ணும் இடத்தில் நண்பகலில் விளக்கின்றி அமர்ந்து ஒரு பத்திரிகையைப் படித்துப் பாருங்கள். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் இலையழகுச் செடி அங்கே வாழும். எழுத்து மங்கினால் எதுவும் நெடுநாள் வாழாது. பூக்கும் செடிக்கு இதனினும் கூடுதல் வெளிச்சம் வேண்டும்.

இந்த மலையில் வீட்டுச் செடிகள் தாகத்தால் மடிவதைக் காட்டிலும், நீர் மிகுந்து வேரழுகி மடிவதே அதிகம். 2019 ஆகஸ்டில் எங்கள் அண்டையிலுள்ள அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் அதிகமாக மழை கொட்டியது. காற்றே நனைந்திருக்கும் அத்தகைய பருவங்களில் தொட்டிக்கு நாள்தோறும் நீர் எதற்கு? விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். பனிக்காலத்தில் பத்து நாள்களுக்கு ஒருமுறைகூடப் போதுமானதாக இருக்கலாம். ஒளுச் செய்த நீரை ஒரு பாத்திரத்தில் பிடித்து ஆறவைத்து ஊற்றினால் வீண்விரயமும் குறையும். செம்மண், இலைமக்கு, ஆற்று மணல் மூன்றும் சம அளவு கலந்த மண்ணும், அடியில் துளையுள்ள தொட்டியும் இருந்தால் வேருக்கு மூச்சு கிடைக்கும். பாலும் சீனியும் கலந்த தேயிலைச் சக்கையை அப்படியே கொட்டுவது எறும்பையும் பூஞ்சையையும் அழைப்பதாகும். கழுவி உலர்த்தியபின் சிறிதளவே இடுங்கள்.

இதுவரை கூறியவை செடியின் நலன். இனி மனிதரின் நலன். சென்ற ஆண்டு எங்கள் மஹல்லாவில் ஒரு வீட்டில், ஒன்றரை வயதுக் குழந்தை திடீரென்று வீறிட்டழுதது. வாயிலிருந்து எச்சில் ஒழுகியது. உதடும் நாவும் வீங்கின. சற்று நேரத்தில் அழுகுரலே அடைத்துப் போயிற்று. தேள் கொட்டியதோ என்று வீட்டார் பதறினர். மூலையிலிருந்த தொட்டியில் கடிபட்ட இலையைக் கண்ட அந்த வீட்டு நன்னிமா, “ஏம்மா, இது சேம்பு ஜாதிச் செடியில்லையா? பச்சையாத் தின்னா அரிக்காம என்ன செய்யும்?” என்றார். அந்தப் படிக்காத முதியவரின் கணிப்பு முற்றிலும் சரியானது. பச்சையில் வெண்புள்ளிகள் தெளித்த அந்த அழகிய செடியின் பெயர் டீஃபன்பேக்கியா. உதகை மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள்; அல்ஹம்துலில்லாஹ், மறுநாள் குழந்தை நலமாக வீடு திரும்பியது.

கருணைக்கிழங்கையும் சேப்பங்கிழங்கையும் நாம் ஏன் புளி சேர்த்து நன்றாக வேகவைக்கிறோம்? அவற்றில் கால்சியம் ஆக்சலேட் என்னும் ஊசி போன்ற நுண்படிகங்கள் உள்ளன. டீஃபன்பேக்கியா, கலாடியம், ஆந்தூரியம், மணிபிளாண்ட், மான்ஸ்டெரா, ஃபிலோடென்ட்ரான் ஆகிய யாவும் அதே சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்தவை. யாவற்றிலும் அந்த ஊசிகள் உண்டு. தவழும் குழந்தையுள்ள வீட்டில் இவற்றைத் தரையில் வைக்கலாகாது. பெகோனியாவும் உண்ணத்தக்கதன்று, அதையும் கைக்கெட்டாத உயரத்தில் வையுங்கள். தவறிப்போய்க் குழந்தை கடித்துவிட்டால், வாயிலுள்ள துணுக்குகளை ஈரத்துணியால் துடைத்தெடுத்து, விழுங்க முடிந்தால் குளிர்ந்த நீரோ பாலோ சிறிது சிறிதாகக் கொடுங்கள். வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். கடித்த இலையையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். மூச்சு திணறினால் ஒரு நொடியும் தாமதிக்கலாகாது. ஃபெர்ன், ஸ்பைடர் பிளாண்ட், ஆப்பிரிக்கன் வயலட், ஃபியூஷியா ஆகியவற்றில் இத்தகைய நச்சு அச்சம் இல்லை.

இதனினும் கொடியது ஒன்று எங்கள் ஓடைக்கரைகளிலும் வேலிகளிலும் தொங்குகிறது. வெண்மையாகவும் இளஞ்சிவப்பாகவும் நீண்ட எக்காளம் போன்ற மலர். அந்தி நேரத்தில் மணம் கமழும். அது ஊமத்தைக்கு நெருங்கிய உறவு; இலை, பூ, விதை அனைத்தும் நஞ்சு. உள்ளே சென்றால் சித்தம் கலங்கும். இதயத் துடிப்பும் தடுமாறும். மதரஸா ஆண்டு விழா மேடைக்காகப் பிள்ளைகள் ஒருமுறை அம்மலர்களைக் கொத்தாகப் பறித்து வந்தபோது, முதலில் சோப்பிட்டுக் கைகழுவச் செய்து, கண்ணைத் தொடக்கூடாது என்று கூறி, அன்றைய பாடத்தையே அதைப் பற்றியதாக மாற்றிக்கொண்டேன். தனக்கும் தீங்கு கூடாது, பிறருக்கும் தீங்கிழைக்கக் கூடாது என்ற மார்க்க விதியை விளக்க அதனினும் நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

செடியோடு சேர்ந்து வீட்டுக்குள் நுழையும் மற்றொரு நஞ்சும் உண்டு. மணிபிளாண்ட் வைத்தால் செல்வம் பெருகும், அதுவும் பிறர் வீட்டிலிருந்து கேளாமல் எடுத்து வந்தால்தான் பலிக்கும் என்று நம்புவோர் நம்மிலும் இருக்கிறார்கள்! பசிபிக் கடலின் மூரியா என்ற சிறு தீவில் பிறந்த ஒரு கொடி நம் ரிஸ்கை எவ்வாறு தீர்மானிக்கும்? பரக்கத் அல்லாஹ்விடமிருந்து வருவது. திருட்டின் வழியாக வருவதன்று. அந்தக் கொடியின் பசுமைக்காக வையுங்கள், கேட்டு வாங்கி வையுங்கள். அவ்வாறே இரண்டு தொட்டிகள் அறைக்காற்றைத் தூய்மையாக்கிவிடும் என்பதும் மிகைக்கூற்று. 1989ஆம் ஆண்டின் நாசா சோதனை மூடிய சிறு பெட்டிகளில் நடைபெற்றது. காற்று வந்துபோகும் சாதாரண வீட்டில் அப்பயன் பொருட்படுத்தத்தக்கதன்று என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். சன்னலைச் சற்றுத் திறந்து வைப்பதே மேல்.

இறுதியாக, வளர்ந்து பெருகிவிட்ட செடியை என்ன செய்கிறோம்? கிளைகளையும் கிழங்குகளையும் ஓடையில் வீசுகிறோம். நீலகிரியின் சதுப்புகளில் வெண்குடை விரித்தாற்போல் நிற்கும் காலா லில்லி தென்னாப்பிரிக்காவிலிருந்து அழகுக்காக வந்தது. அவலாஞ்சிப் பக்கத்துப் புல்வெளிகளை மஞ்சளாக்கும் ஸ்காட்ச் புரூம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. காடுகளை நெருக்கும் உன்னிச்செடியும், குளங்களை மூடும் ஆகாயத்தாமரையும் மலருக்காகக் கொண்டுவரப்பட்டவையே. விரும்பி அழைத்த விருந்தினர் வீட்டையே எடுத்துக்கொண்ட கதை இது. அயல் தாவரங்களை அகற்றிக் காடுகளை மீட்க 2022ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு தனிக் கொள்கையே வகுக்க வேண்டியதாயிற்று. ஆகவே வெட்டிய தண்டுகளை வெயிலில் நன்றாக உலரவிட்டு மக்கச் செய்யுங்கள். மிகுதியான கன்றுகளை அண்டை வீட்டாருக்கு, அவர் எம்மதத்தவராயினும், வளர்க்கும் முறையையும் சொல்லி ஹதியாவாகக் கொடுங்கள். அண்டை வீட்டாரின் உரிமையைப் பேணுவதற்கு இதுவும் ஓர் எளிய வழியல்லவா?

சகோதரிகளே! கடையில் ஓர் அழகிய இலை உங்கள் கண்ணைக் கவரும்போது நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். என் வீட்டின் ஒளியும் குளிரும் இதற்கு ஒத்துவருமா? என் குழந்தைக்கு இதனால் தீங்கு நேருமா? நான் ஊருக்குச் சென்றால் இதைக் கவனிப்பவர் யார்? வேண்டாத நாளில் இதை எங்கே விடுவேன்? நான்கிற்கும் விடை கிடைத்துவிட்டால், பிஸ்மில்லாஹ் சொல்லி வாங்கி வாருங்கள். அது துளிர்க்கும்போது நீங்கள் சொல்லும் ஒரு ‘சுப்ஹானல்லாஹ்’ அந்த அறையை இன்னும் அழகாக்கும், இன்ஷா அல்லாஹ்.