தண்டவாளம் இல்லாத பாதையிலே

மலைநாட்டைக் காண விழைவோர் பெரும்பாலும் ஊர்தியேறிச் சிகரத்தை அடைந்து, நிழற்படம் எடுத்துக்கொண்டு, பொழுது சாயுமுன் இறங்கிவிடுகின்றனர். அவர்கள் மலையைக் கண்டார்கள் எனலாம். மலையோடு பழகினார்கள் என்று சொல்வதற்கில்லை. நாமும் பல ஆண்டுகள் அவ்வாறே பயணம் செய்தவர்தாம். ஆனால் தென்கிழக்குப் பிரான்சிலுள்ள ஆர்தேஷ் மாவட்டத்தில் சைக்கிள் மிதித்துச் சென்ற மூன்று நாட்கள் நமக்கு வேறொரு பாடம் புகட்டின. அதனை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம்.

மேற்படிப்பின்போது நம்மோடு பயின்ற பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் அப்பகுதியில் பணியாற்றுகின்றார். அவருடைய அழைப்பின்பேரில், செபமாலை மாதமாகிய அக்டோபரின் முதல் வாரத்தில் அங்குச் சென்றோம். “உமக்கு ஊர் சுற்றிக் காட்டக் காரில் போகலாமா, சைக்கிளில் போகலாமா?” என்று அவர் வினவினார். ஐம்பது வயதைத் தாண்டிய நம் முழங்கால்களை எண்ணிச் சற்றுத் தயங்கினோம். “அஞ்ச வேண்டாம், புகைவண்டி ஏறிய வழியிலேதான் நாமும் ஏறப்போகின்றோம்” என்று அவர் நகைத்தார்.

அவர் கூறியது மெய்யே. ரோன் ஆற்றங்கரையிலுள்ள லா வூல்த் என்னும் சிற்றூரிலிருந்து எய்ரியூ ஆற்றின் பள்ளத்தாக்கைப் பற்றிக்கொண்டு மலைக்குள் ஏறும் குற்றகல இருப்புப்பாதை ஒன்று 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைக்கப்பட்டது. மலைமக்களின் விளைபொருளையும், பட்டு நூல் முறுக்கும் ஆலைகளின் சரக்கையும், நகரத்துக்குப் பிழைக்கச் சென்ற பிள்ளைகளையும் சுமந்து சென்ற அந்த வண்டி 1968-இல் நின்றுபோயிற்று. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. பல்லாண்டுகள் முட்புதர் மண்டிக் கிடந்த அத்தடத்தை இந்நூற்றாண்டில் செப்பனிட்டு, நடப்போருக்கும் சைக்கிளில் செல்வோருக்கும் உரிய வழியாக மாற்றினர். ‘தோல்ச்சே வியா’, அதாவது இனிய வழி, என்பது அதன் பெயர். கிளைகளையும் சேர்த்து ஏறத்தாழ 90 கி.மீ. நீளமுடையது. நீராவி எஞ்சின் செங்குத்தாக ஏறமாட்டாதாகையால் ஏற்றம் மிக மென்மையானது. நூறு மீட்டர் சென்றால் மூன்று மீட்டர் அளவே உயர்கின்றது. பழைய கற்பாலங்களும் குகைவழிகளும் அப்படியே உள்ளன.

முதல் நாள் லா வூல்த்திலிருந்து லெ ஷெய்லார் வரை ஏறத்தாழ 50 கி.மீ. சென்றோம். ஆரன் ஒலி இல்லை. டீசல் புகை இல்லை. ஒருபுறம் பாறைகளிடையே சலசலத்தோடும் எய்ரியூ. மறுபுறம் முன்னோர் கல்லடுக்கிக் கட்டிய படிக்கட்டு வயல்கள். சக்கரத்தின் கீழ்ச் சரளைக்கல் நொறுங்கும் ஓசை ஒன்றே வழித்துணை. நண்பகலில் எங்கோ ஒரு கோவிலில் மூவேளைச் செபத்தின் மணி ஒலித்தது. இருவரும் சைக்கிளை நிறுத்தி, கபிரியேல் தூதர் கொணர்ந்த மங்களவார்த்தையைச் சொல்லி முடித்தோம். மணியோசை கேட்டு வழியில் நின்று செபித்து எத்தனை காலமாயிற்று என்ற எண்ணம் நம்மை உறுத்தியது.

வழியெங்கும் கஷ்கொட்டை மரங்கள். அது கனி உதிரும் பருவம். முள்ளம்பன்றி போன்ற மேலோடு வெடித்து, பளபளக்கும் பழுப்புக் கொட்டைகள் பாதையில் உருண்டு கிடந்தன. கோதுமை விளையாத சரிவுகளில் ஏழை மக்களைப் பல நூற்றாண்டுகள் காத்தது இம்மரமே. ‘அப்ப மரம்’ என்றே அதனை அழைத்தனர். கொட்டைகளைச் சிறிய கல்வீடுகளில் புகையிட்டு உலர்த்தி, மாவாக்கிக் குளிர்காலம் முழுவதும் உண்டனராம். பனையை நம்பி வாழ்ந்த நம் தேரிக்காட்டு மக்களை நினைத்துக்கொண்டோம். அன்றாட உணவை ஆண்டவர் ஒவ்வொரு மண்ணிலும் ஒவ்வொரு மரத்தில் வைத்திருக்கிறார்.

மாலையில் களைத்துப்போனோம். நண்பர் முன்னதாகவே நம்மை எச்சரித்திருந்தார். இம்மலைகளுக்கு வடக்கேயுள்ள சேன் எத்தியேன் நகரில் போல் த விவி (1853–1930) என்றொரு பெருமகனார் வாழ்ந்தார். ‘வெலோசியோ’ என்னும் புனைபெயருடன் 1887 முதல் சைக்கிளுக்கென ஓர் இதழ் நடத்தி, மலையேற உதவும் பல்லிணை மாற்றும் கருவிக்காக வாதாடியவர். பசிக்குமுன் உண்க, விடாய்க்குமுன் பருகுக, தற்பெருமைக்காக ஒருபோதும் மிதியாதே என்பன அவர் சைக்கிள் பயணிகளுக்கு வகுத்த விதிகளுட் சில. நாமோ நண்பரை முந்தும் ஆசையில் இம்மூன்றையும் மீறினோம். அதன் தண்டனையை இரவில் நம் தொடைகள் அனுபவித்தன.

லெ ஷெய்லாரில் பாதை இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை சேன் அக்ரேவ் மேட்டுநிலத்துக்கு ஏறுகின்றது. அதற்கு அப்பால் சிறிது தொலைவிலுள்ள லெ ஷாம்போன் என்னும் ஊரில்தான், இரண்டாம் உலகப் போரின்போது பாஸ்டர் ஆந்த்ரே த்ரோக்மேயும் அவர்தம் மக்களும் யூதர்களைத் தங்கள் வீடுகளில் ஒளித்துக் காப்பாற்றினர். அவர்களிற் பெரும்பாலோர் புரொட்டஸ்டாண்டு சபையினர். தங்கள் முன்னோர் விசுவாசத்துக்காக வேட்டையாடப்பட்ட நினைவை மறவாததனால், வேட்டையாடப்பட்ட பிறருக்குக் கதவு திறந்தனர். அம்முன்னோரை வேட்டையாடியது கத்தோலிக்க மன்னரின் ஆட்சி என்பதை நாம் தலைகுனிந்தே நினைவுகூர வேண்டியதாயிற்று.

இரண்டாம் நாள் மற்றக் கிளையில் திரும்பி லமாஸ்த்ர் சேர்ந்தோம். அங்கு மாலைத் திருப்பலி. கற்கோவில் பெரிது, வந்திருந்தோர் பதினொருவர். அனைவரும் முதியோர். நம் நண்பருக்கு இருபதுக்கு மேற்பட்ட கோவில்கள். குருவோ அவர் ஒருவரே. “மனம் தளரவில்லையா?” என்று கேட்டோம். “வண்டி நின்றபோது இவ்வழியும் முடிந்தது என்றுதான் எல்லாரும் எண்ணினர். வழி இருந்துகொண்டே இருந்தது, நடப்பதற்கு ஆள் வரவேண்டியதாயிற்று” என்றார் அவர்.

மூன்றாம் நாள் தண்டவாளத் தடத்தை விட்டு, குறுகிய மலைச்சாலையில் லா லூவெஸ் ஊருக்கு ஏறினோம். ஊர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு மேல் உள்ளது. பல இடங்களில் இறங்கித் தள்ளியே சென்றோம். அங்கேதான் இயேசு சபைக் குரு புனித யோவான் பிரான்சிஸ் ரேஜிஸ் உயிர்நீத்தார். கனடா நாட்டு மறைப்பணிக்குச் செல்ல விரும்பியும் அனுப்பப்படாமல், இம்மலைக் கிராமங்களிலேயே குளிர்காலந்தோறும் பனியில் நடந்து உழைத்தவர். லேஸ் பின்னிப் பிழைத்த ஏழைப் பெண்களுக்காக அதிகாரிகளிடம் பரிந்து பேசியவர். 1640 டிசம்பரில் லா லூவெசுக்கு வரும் வழியில் இரவில் பாதை தவறி, இடிந்த குடிசையொன்றில் தங்க நேர்ந்ததால் கடுஞ்சுரம் கண்டது. அந்நிலையிலும் கிறிஸ்து பிறப்பு நாட்களில் இடைவிடாது போதித்து, பாவசங்கீர்த்தனம் கேட்டு, 26-ஆம் நாள் மயங்கி வீழ்ந்தார். 31-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 43.

அக்கல்லறையை நாடி 1806-இல் இலத்தீன் மொழி வசப்படாது வருந்திய குருமாணவர் ஒருவர் பிச்சையெடுத்தவாறு கால்நடையாய் வந்தார். நாடோடி எனக் கருதிப் பல வீடுகளில் விரட்டினர். அவரே பிற்காலத்தில் ஆர்ஸ் நகர்ப் பங்குக் குருவாகி, இன்று பங்குக் குருக்களின் பாதுகாவலராக விளங்கும் புனித ஜான் மரிய வியான்னி.

இங்கே நம் குற்றமொன்றைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க மனம் ஒப்பவில்லை. இளங்குருவாய் இருந்தபோது கிளைக்கிராமங்களுக்குச் சைக்கிளிலேயே சென்று வந்தோம். பிறகு மோட்டார் சைக்கிள் வந்தது. ஒரே காலையில் மூன்று ஊர்களில் பூசை வைக்க முடிந்தது. ஒருநாள் கைம்பெண்ணாகிய பாட்டி ஒருத்தி, “சாமி, முந்தியெல்லாம் எங்க வீட்டுத் திண்ணையில உட்காந்து தண்ணி குடிச்சுட்டுப் போவீங்க. இப்ப உங்க வண்டிப் புழுதிதான் வருது” என்றாள். சிரித்துவிட்டு, அடுத்த வாரம் வருவதாகச் சொன்னோம். பல வாரங்கள் கடந்தன. அவ்வீட்டு வாசலைக் கடந்துதான் ஒவ்வொரு முறையும் சென்றோம். உபதேசியார் வந்து சொன்னபோது, அவள் நோயில்பூசுதல் பெறாமலே இறந்திருந்தாள். கடைசி நான்கு நாட்களும் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலைப் பார்த்தாளாம்.

ரேஜிஸ் அடிகளின் திருப்பண்டத்தின் முன் முழந்தாளிட்டபோது அப்பாட்டியின் முகமே நம் கண்முன் நின்றது. அந்த மாலை நண்பரிடமே பாவசங்கீர்த்தனம் செய்தோம். அவர் விதித்த அபராதம் எளியது: “வாரத்தில் ஒருநாள் சைக்கிளில் போம்.”

ஊர் திரும்பியபின் வியாழக்கிழமைதோறும் அவ்வாறே செய்து வருகின்றோம். மூன்று ஊர்கள் போகவேண்டிய நேரத்தில் ஓர் ஊர்தான் முடிகின்றது. ஆனால் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை, எந்தத் திண்ணையில் முதியவர் தனித்திருக்கிறார் என்பதெல்லாம் அந்த மெதுவான பயணத்தில்தான் தெரிகின்றது. பெற்றோரே, பிள்ளைகளே, உங்கள் வீட்டிலும் ஒரு திண்ணை இருக்கும். அங்கே உங்களுக்காகக் காத்திருப்பவரும் இருக்கக்கூடும். எம்மாவுக்குச் சென்ற சீடர் இருவரோடும் நம் ஆண்டவர் நடந்தே சென்றார் என்பதை மறவாதிருப்போமாக.